முதல் குடம்

அத்தியாயம் 14

வள்ளித்தாயின் கைப்பையில் மூன்றாக மடித்த ஒரு தாள் இருந்தது. ஐந்து நாளாக அங்கேதான் இருக்கிறது. கட்டிய கணவனுக்குத் தெரியாது. பெற்ற மகளுக்கும் தெரியாது. இன்று காலை குற்றாலத்து அருவிக்கரையில் குடும்பம் மொத்தத்துக்கும் தெரியப் போகிறது.

தென்காசியை அடுத்த குத்துக்கல்வலசையில் அந்தக் குடும்பத்து இசக்கியம்மன் கொடை விழாவுக்குக் குற்றாலத்திலிருந்துதான் தீர்த்தம் வர வேண்டும். பதினோரு குடம். எல்லாவற்றுக்கும் முன்னால் போகிற முதல் குடத்தை யார் சுமப்பது என்பதில் ஒரு காலத்தில் மண்டைகள் உடைந்திருக்கின்றன. மூத்த வகையறாவா, இளைய வகையறாவா என்று கோவில் வாசலிலேயே வேட்டியை மடித்துக் கட்டியவர்கள் உண்டு.

அதற்கு முடிவு கட்டியவர் வள்ளித்தாயின் மாமனார் சுந்தரபாண்டியன். ஓய்வு பெற்ற ஏட்டையா. பன்னிரண்டு வருடங்களுக்கு முன் எல்லாரையும் கூட்டி வைத்துச் சொன்னார்.

"இனிமே மூத்தவன் எளையவன் பேச்சு கெடையாது. நம்ம வீட்டுப் பிள்ளையள்ல எது அந்த வருசம் படிப்புல முதல்ல நிக்குதோ, அது எடுக்கும் முதல் குடத்தை. ஆம்பளப் பிள்ளையோ பொம்பளப் பிள்ளையோ, எனக்கு ரெண்டும் ஒண்ணுதான்."

அடிதடி நின்றது. அடிபட்ட தலைகள் பாடப் புத்தகத்தின் மேல் கவிழ்ந்தன. அதற்குப் பிறகு அந்தக் குடும்பத்திலிருந்து இரண்டு சப்-இன்ஸ்பெக்டர், ஒரு நர்ஸ், கோயம்புத்தூரில் ஒரு இன்ஜினியர் கிளம்பிப் போனார்கள். அதை யாரும் இல்லையென்று சொல்லிவிட முடியாது.

மூன்று வருடம் தொடர்ந்து முதல் குடம் எடுத்தவள் வள்ளித்தாயின் மகள் மஞ்சு. இந்த வருடம் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வில் அவளுக்கு நானூற்று எண்பத்தாறு. வள்ளித்தாயின் கொழுந்தன் மகன் இசக்கிராஜாவுக்கு நானூற்று எண்பத்தெட்டு.

இரண்டு மார்க். அந்த இரண்டு மார்க்கில்தான் ஒரு மாதமாக வள்ளித்தாய்க்குச் சோறு இறங்கவில்லை.

இசக்கிராஜா யார்? ஏழாம் வகுப்பில் கணக்கில் பத்தொன்பது வாங்கியவன். அந்த வருடக் கொடையில் பதினோராவது குடத்தைத் தூக்கிக்கொண்டு எல்லாருக்கும் பின்னால் வந்தவன். மறுநாள் விடியற்காலை நாலரை மணிக்கு அவன் அறையில் விளக்கு எரிந்தது. இரண்டு வீட்டுக்கும் நடுவே ஒரே ஒரு மதில்சுவர். இங்கே விளக்கு எரிந்தால் அங்கே எரியும். அங்கே எரிந்தால் இங்கே எரியும்.

அந்த விளக்கையே சாட்டையாக்கி மகளை எழுப்பியவளும் வள்ளித்தாய்தான்.

"ஏட்டி, ராஜா லைட்டு போட்டுட்டான். நீ இன்னும் போர்வைக்குள்ள கெடக்க!"

அப்போது அவன் ஜெயிப்பான் என்று அவள் கனவிலும் நினைக்கவில்லை. மகள் ஓடுவதற்குப் பின்னால் ஒரு காலடிச் சத்தம் வேண்டும், அவ்வளவுதான் என்று நினைத்தாள்.

தேர்வு முடிவு வந்த அன்று ராஜாவின் அம்மா, ஓரகத்தி முப்பிடாதி, லட்டு கொண்டு வந்தாள். ஒரு மணி நேரம் கழித்து, "அக்கா, லட்டு தந்தனா? மறந்துட்டேன் பாருங்க" என்று மறுபடியும் கொண்டு வந்தாள். மூன்றாம் நாள் தெருமுனையில் ஃப்ளெக்ஸ் வந்தது. அதில் இசக்கிராஜா கன்னத்தில் கை வைத்துக்கொண்டு தென்காசி மொத்தத்தையும் பார்த்துச் சிரித்தான். காய்கறிக்குப் போகும்போதெல்லாம் வள்ளித்தாய் அடுத்த தெரு வழியாகச் சுற்றிப் போனாள்.

பிறகுதான் விடைத்தாள் நகலுக்கு விண்ணப்பித்தாள். கணக்குப் பாடத்துக்கு மட்டும். அவள் பி.எஸ்ஸி. கணிதம் படித்தவள். முப்பிடாதி பத்தாம் வகுப்பைத் தாண்டாதவள். இந்த வித்தியாசத்தை அவள் வாய்விட்டுச் சொன்னதில்லை. மறந்ததும் இல்லை.

போன வியாழக்கிழமை நஸீபாவின் பிரௌசிங் சென்டரில் நகலை எடுத்தாள். கலர் இங்க் தீர்ந்துவிட்டது என்று நஸீபா கறுப்பு வெள்ளையில் போட்டுக் கொடுத்தாள். வீட்டுக்கு வந்து அறைக்கதவைச் சாத்திக்கொண்டு பக்கம் பக்கமாகப் பார்த்தாள். பத்தாம் பக்கத்தில் கண் நின்றது. ஐந்து மார்க் கணக்கு. கலங்கரை விளக்கத்தின் உச்சியிலிருந்து இரண்டு கப்பல்களைப் பார்க்கிற கணக்கு. படம் சரி, படிகள் சரி, விடை சரி. அதன் மேல் குறுக்கே ஒரு கோடு. ஓரத்தில் சுழியம்.

சரியான கணக்கை அடித்துவிட்டாரே பாவி மனுசன்!

ஐந்தைச் சேர்த்தால் நானூற்றுத் தொண்ணூற்றொன்று.

அன்றைக்கே மாமனாரிடம் சொல்லியிருக்கலாம். வீட்டு விஷயத்தை வீட்டுக்குள் பேசுவதுதான் அந்தக் குடும்பத்தின் கௌரவம். ஆனால் பொறாமைக்குச் சபை வேண்டும். எல்லாரும் பார்க்க ஏறிய முப்பிடாதி எல்லாரும் பார்க்கவே இறங்க வேண்டும் என்று வள்ளித்தாய் நினைத்தாள். அந்த ஒரு தாளை மட்டும் மடித்துப் பைக்குள் வைத்தாள்.

*

காலை ஐந்தரைக்கு வேன் கிளம்பியது. வள்ளித்தாயின் கணவர் மாடக்கண்ணு வரவில்லை. சப்-இன்ஸ்பெக்டருக்குச் சீசன் நேரத்தில் ஏது கொடை? ஐந்தருவியில் பந்தோபஸ்து. முப்பிடாதியின் கணவர் பட்டாளத்தில் இருக்கிறார். அதனால் இரண்டு ஓரகத்திகளும் ஒரே சீட்டில்.

முப்பிடாதி புதுப் பட்டில் வந்திருந்தாள்.

"அக்கா, ராஜாவுக்கு வேட்டி எடுக்கப் போனப்ப மஞ்சுவுக்கும் ஒரு பாவாடை எடுக்கலாம்னு பாத்தேன். ரெண்டாவது குடத்துக்கு என்ன கலர் எடுப்பா இருக்கும்னுதான் தெரியல."

"எதுக்கு முப்பிடாதி ஒனக்குச் செலவு? முதல் குடத்துக்குன்னு மூணு வருசம் எடுத்த பாவாடையே பீரோவுல அடைஞ்சு கெடக்கு."

"அது சரி. சின்னதாப் போயிருக்கும்லா?"

வள்ளித்தாய் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். தூரத்தில் மலை தெரியவில்லை. மேகம் அடிவாரம்வரை இறங்கியிருந்தது. சாரல் கண்ணாடியில் ஊசி ஊசியாகக் குத்தியது.

பின் சீட்டில் மஞ்சுவும் ராஜாவும் சிரிப்பது கேட்டது.

"ஏலே ராஜா, பாத்துத் தூக்கு. மூணு வருசம் எந்தலையில இருந்த குடம்."

"அதான் ஒரு பக்கமாச் சப்பையா இருக்கு."

"இருக்கும்லே. அடுத்த வருசம் நானே நிமித்திக்கிடுதேன்."

"கேட்டுப் பாரு, தாரனான்னு."

"கேக்கவா செய்வேன்? எடுத்துக்கிடுவேன்."

தோற்றவளுக்கு ஒரு ரோஷம் வேண்டாமா? வயிற்றெரிச்சல் மொத்தத்தையும் தாயின் தலையில் கட்டிவிட்டு எப்படிச் சிரிக்கிறாள் இவள்? வள்ளித்தாய் பையை மடியில் இறுக்கிக்கொண்டாள்.

*

மெயினருவியில் தண்ணீர் அளவாக விழுந்துகொண்டிருந்தது. விடிந்தும் விடியாத நேரம் என்பதால் கூட்டம் குறைவு. பிள்ளைகள் குளித்து, ஈரத் துணியோடு குடங்களை நிரப்பிக்கொண்டு வந்தார்கள். படிக்கட்டுக்குப் பக்கத்தில் வாழையிலை விரித்துப் பதினோரு குடங்களையும் வரிசையாக வைத்தார்கள். வேப்பிலை செருகி, குங்குமம் வைத்தாயிற்று. மேளக்காரர்கள் தோலைத் தட்டிப் பார்த்தார்கள்.

சுந்தரபாண்டியன் முன்னால் வந்து நின்றார். எண்பதைத் தொடப் போகிறவர். முதுகு மட்டும் இன்னும் அணிவகுப்பில் நிற்கிறது.

"இசக்கிராஜா, வா இங்கன."

அவன் வந்தான். மாலை போட்டார். குடத்தைத் தூக்கக் குனிந்தார்.

"மாமா, ஒரு நிமிசம்."

எல்லாரும் திரும்பினார்கள். வள்ளித்தாயின் குரல் அவள் நினைத்ததைவிட உரக்க வந்துவிட்டது.

"இந்தக் குடம் மஞ்சுவுக்கு உள்ளது, மாமா. கணக்குப் பேப்பர் நகல் வாங்கிப் பாத்தேன். சரியாப் போட்ட அஞ்சு மார்க் கணக்கைத் திருத்துனவரு கோடு போட்டு அடிச்சிருக்காரு. அதைச் சேத்தா என் மகளுக்கு நானூத்தித் தொண்ணூத்தொண்ணு."

குனிந்த சுந்தரபாண்டியன் வெறுங்கையோடு நிமிர்ந்தார்.

முப்பிடாதிதான் முதலில் வாய் திறந்தாள். "என்னக்கா இது? மாலை விழுந்த பெறவு பறிக்கப் பாக்கீங்களே! ஒரு மாசமா எங்க போச்சு இந்தப் பேப்பரு?"

"கெடைச்சது அஞ்சு நாளு முன்னாடி."

"அப்ப அஞ்சு நாளா வாயில என்ன வச்சிருந்தீங்க?"

"ஒன் லட்டுதான்!"

"சத்தம் போடாதீங்க ரெண்டு பேரும்!" சுந்தரபாண்டியன் கையை நீட்டினார். "கொண்டா அதை."

கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு வாசித்தார். "கலங்கரை விளக்கம்... ரெண்டு கப்பல்..." கணக்கு அவருக்குப் புரியவில்லை. கோடு புரிந்தது. முப்பத்தைந்து வருடம் காவல் துறையில் இருந்தவர். எந்தத் தாளையும் சட்டென்று நம்புகிறவர் இல்லை.

"இந்தக் கோட்டைப் போட்டது யாரு?"

"திருத்துனவருதான் மாமா. வேற யாரு?"

"நீ பாத்தியா?"

"பேப்பருல இருக்குல்லா?"

"பேப்பருல கோடு இருக்கு. யாரு கோடுன்னு இல்ல. எல்லாம் கறுப்பாட்டுல்லா இருக்கு? பிள்ளை எழுதுனது நீலம். வாத்தியார் திருத்துதது செவப்பு. இதுல எது நீலம், எது செவப்பு?"

வள்ளித்தாய் தாளை எட்டிப் பார்த்தாள். அவள் அதை யோசிக்கவே இல்லை. பி.எஸ்ஸி. படித்தவள் யோசிக்கவில்லை. யோசிக்க விருப்பமில்லை என்பதுதான் நிஜம்.

மாமனார் அங்கேயே நஸீபாவுக்குப் போன் போட்டார். "ஏம்மா நஸீபா, எந்திரிச்சிட்டியா? வள்ளித்தாய் எடுத்த பேப்பரு ஒங்கிட்ட இருக்கும்லா? அதுல பத்தாம் பக்கத்தை எம் போனுக்கு அனுப்பு தாயி. கலர்ல வேணும்."

"இந்தா அண்ணாச்சி, ரெண்டே நிமிசம்."

அந்த இரண்டு நிமிடத்தில் வள்ளித்தாய் மகளைப் பார்த்தாள். மஞ்சு ஈரத் தலையோடு நின்றுகொண்டிருந்தாள். முகத்தில் சந்தோஷம் இல்லை. கோபமும் இல்லை. பாவாடை நாடாவை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்தாள். சின்ன வயதில் பொய் சொல்லி மாட்டிக்கொள்ளும்போது அவள் அப்படிச் செய்வாள்.

போன் சிணுங்கியது. சுந்தரபாண்டியன் பார்த்தார். பெரிதாக்கிப் பார்த்தார். மருமகளிடம் நீட்டினார்.

சுழியம் சிவப்பு. கோடு நீலம். எழுத்தின் அதே நீலம்.

"அவளே போட்டிருக்கா, அவளே அடிச்சிருக்கா. தப்புன்னு பட்டிருக்கும். திருத்துனவரு என்ன செய்வாரு?" அவர் கண்ணாடியைக் கழற்றினார். "வள்ளித்தாய், நம்ம வீட்டுப் பேச்சை அருவிக்கரையில வச்சுப் பேசிட்ட. இனி இதைப் பத்தி ஒரு சொல்லும் வரக் கூடாது. ஏலே, மேளத்தை அடிங்க!"

மருமகளிடம் பேசும்போது அவர் குரல் உயரவில்லை. உயர்ந்திருந்தால் வள்ளித்தாய் தாங்கியிருப்பாள்.

இசக்கிராஜாவின் தலையில் குடம் ஏறியது. முப்பிடாதி புதுப் பட்டின் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, ஓரகத்தியை ஒரே ஒரு பார்வை பார்த்தாள். அந்தப் பார்வைக்கு இருபது ஃப்ளெக்ஸ் வைக்கலாம்.

*

ஊர்வலம் நகர்ந்தது. மங்குஸ்தான் கூடைகளும் நேந்திரம் சிப்ஸ் கடைகளும் இருந்த இடத்தில் வள்ளித்தாய் மகளின் கையைப் பிடித்து ஓரமாக இழுத்தாள். மஞ்சுவின் இடுப்பில் இரண்டாவது குடம்.

போனில் வள்ளித்தாய் இன்னொன்றையும் பார்த்திருந்தாள். மாமனார் கண்ணில் படாத ஒன்று. மஞ்சு ஒரு கணக்கை முடித்து, சரி என்று மனது சொன்னால் மட்டுமே விடையைச் சுற்றி ஸ்கேல் வைத்துக் கட்டம் போடுவாள். சந்தேகம் இருந்தால் போட மாட்டாள். அடிக்கப்பட்ட அந்தக் கணக்கில் கட்டம் இருந்தது.

"தப்புன்னு நெனச்சா அடிச்ச?"

"இல்ல."

"பெறவு?"

மஞ்சு முன்னால் போகிற மேளத்தைப் பார்த்தாள்.

"ரிவிஷன்ல அவன் மூணு மார்க்குல தோத்தாம்லா? அன்னைக்குச் சொன்னான். பப்ளிக்லயும் ரெண்டாவதா வந்தா லெவன்த் சேர மாட்டானாம். பாவூர்சத்திரம் மார்க்கெட்டுல அவன் மாமா கடைக்குப் போயிருவானாம். எப்பமும் ஒன் முதுகைப் பாத்துக்கிட்டே நடக்க முடியாதுட்டின்னான்."

"போனாப் போறான். ஒனக்கென்ன?"

"அவன் போய்ட்டா நான் யாரோடம்மா படிக்கது?"

மஞ்சு குடத்தை இடுப்பில் ஏற்றி வைத்துக்கொண்டாள்.

"நீ எழுப்பித்தான் நான் எந்திரிக்கேன்னு நெனச்சிக்கிட்டு இருக்க. அவன் லைட்டைப் பாத்துத்தான் எந்திரிக்கேன். அவன் பத்தொம்பது வாங்கும்போது நான் படிக்காமலே முதல்ல வந்தேன். அவன் வெரட்ட ஆரம்பிச்ச பெறவுதான் ஓடவே ஆரம்பிச்சேன். இன்னும் ரெண்டு வருசம் இருக்கு. எனக்கு அவன் வேணும்."

"அதுக்காக அஞ்சு மார்க்கையா?"

"எங்களுக்குள்ள எப்பமும் மூணு நாலுதான் வித்தியாசம். கணக்குப் பாத்துத்தான் அடிச்சேன்."

அடித்த கோட்டுக்கும் கணக்குப் பார்த்திருக்கிறாள்! ஒரு கணம் வள்ளித்தாய்க்குப் பெருமையாகக்கூட இருந்தது. அடுத்த கணம் பழைய நெருப்பு வேறு இடத்தில் பிடித்தது.

அவள் கல்லூரியில் மூன்று வருடமும் முதலிடம். இரண்டாவது வந்தவளின் பெயர்கூட நினைவில்லை. அவளை விரட்ட யாரும் இல்லை. பட்டம் வாங்கிய மாதமே கல்யாணம். சான்றிதழ் பிளாஸ்டிக் உறைக்குள் போயிற்று. எதிர்ச்சுவரில் ஒரு விளக்கு எரிந்திருந்தால் தானும் இன்னும் கொஞ்ச தூரம் ஓடியிருப்பாளோ? பெற்ற மகள் மேலேயே பொறாமை வந்தது. அதைவிட, ஒன்றும் தெரியாமல் பட்டுடுத்திப் போகிற முப்பிடாதி மேல் வந்தது. தன் மகள் கொடுத்த வெற்றியைத் தானே சம்பாதித்ததுபோல் சுமந்துகொண்டு போகிறாளே!

ஒரு சொல் போதும். முப்பிடாதியின் பட்டு அப்படியே நிறம் வெளுத்துவிடும்.

அந்தச் சொல் நாக்கு நுனிவரை வந்தது. முன்னால் இசக்கிராஜா நடந்துகொண்டிருந்தான். இரண்டு கையாலும் குடத்தைப் பிடித்திருந்தான். பின்கழுத்தில் தண்ணீர் வழிந்தது. மூன்று வருடம் முதுகைப் பார்த்து நடந்தவன் இன்றுதான் சாலையைப் பார்த்து நடக்கிறான்.

வள்ளித்தாய் அந்தச் சொல்லை விழுங்கினாள்.

"இது வெளிய தெரியப்பிடாது. ஒங்க அப்பாவுக்கும்."

"நானா சொன்னேன்? பையில வச்சிக் கொண்டாந்தது நீதான."

*

தென்காசிக்குள் நுழையும்போது சாரல் விட்டிருந்தது. இசக்கிராஜா நடையைக் கொஞ்சம் தளர்த்தி, தலையைத் திருப்பாமல் கேட்டான்.

"பெரியம்மா, தாத்தா வாசிச்சது அருவிச் சத்தத்துல கேக்கல. மஞ்சு அடிச்சது எந்தக் கணக்கு?"

"ஏதோ கிராப்பு. ஒனக்கெதுக்குலே? ரோட்டைப் பாத்து நட."

"கிராப்பு இல்லலே!" பின்னாலிருந்து முப்பிடாதியின் குரல் வந்தது. அருவிக்கரையில் பட்ட சூடு அவளுக்கு இன்னும் ஆறவில்லை. "கலங்கரை விளக்கமாம், ரெண்டு கப்பலாம்! ஒங்க தாத்தா வாசிச்சாவல்லா? அதைப் போடத் தெரியாம அடிச்சு வச்சிட்டு, வாத்தியார் மேல பழியப் போடுதாவ!"

இசக்கிராஜா நின்றுவிட்டான்.

அவன் நின்றதும் பின்னால் வந்த பத்துக் குடமும் நின்றன. மேளம் மட்டும் நான்கு எட்டு முன்னால் போய்விட்டது.

"மஞ்சு."

அவள் தரையைப் பார்த்தாள்.

"பரீட்சைக்கு முந்தின நாளு மதில்மேல நோட்டை வச்சு நான்தான ஒனக்கு அந்தக் கணக்கைச் சொல்லித் தந்தேன்? நீ எனக்கே திருப்பிச் சொல்லிக் காட்டுனியே. ஒரு படி விடாமச் சொன்னியே."

முப்பிடாதியின் வாய் திறந்தபடி இருந்தது. அவளுக்கு இன்னும் விளங்கவில்லை. மகனுக்கு விளங்கிவிட்டது. அவன் கைகள் குடத்தின் கழுத்திலிருந்து மெல்ல அடிப்பக்கத்துக்கு இறங்கின. தூக்கி இறக்குவதற்கான பிடி அது.

தீர்த்தக் குடம் கோவிலைத் தொடும் முன் மண்ணைத் தொடக் கூடாது. தொட்டால் அந்த வருடக் கொடை அங்கேயே நின்றுபோகும்.

"இது எனக்கு உள்ளது இல்ல, பெரியம்மா."

இரண்டு மணி நேரத்துக்கு முன்னால் இந்தச் சொல்லைக் கேட்கத்தான் வள்ளித்தாய் பையோடு வந்தாள். இப்போது கை தானாக எழுந்தது. குடத்தின் மேல் அழுத்தமாகப் பதிந்தது. வேப்பிலை நசுங்கி, தண்ணீர் தளும்பி அவள் மணிக்கட்டில் வழிந்தது.

"நட ராஜா. வழியில எறக்கப்பிடாது."

"பெரியம்மா..."

"நடன்னு சொல்லுதேன்லா?"

முன்னால் மேளம் நின்றது. சுந்தரபாண்டியன் திரும்பிப் பார்த்தார்.

"என்னலே அங்கன? எதுக்கு நிக்கீங்க?"

யாரும் வாய் திறக்கும் முன் வள்ளித்தாய் குரல் கொடுத்தாள். அந்த வீட்டுக்கு மருமகளாக வந்த பதினெட்டு வருடத்தில் மாமனாரிடம் அவள் சொன்ன முதல் பொய் அது.

"ஒண்ணுமில்ல மாமா! குடம் கொஞ்சம் சாஞ்சிட்டு. நிமித்தி விடுதேன்."

மேளம் மறுபடி தொடங்கியது. இசக்கிராஜா நடந்தான். வள்ளித்தாய் குடத்திலிருந்து கையை எடுக்காமல் பக்கத்திலேயே நடந்தாள். கோவில் வாசலில் குடத்தை இறக்கியதும் அவன் தாத்தாவிடம்தான் போவான் என்று அவன் கண்கள் சொல்லின.

கோவிலுக்கு இன்னும் ஒரு மணி நேர நடை இருந்தது.